கொடுத்த பிறகு அது யாருடையது

மூத்திரம் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் தயவுசெய்து இந்தத் துறைக்கு வராதீர்கள். கண், தோல், பல் என்று நாகரிகமான உறுப்புகள் எத்தனையோ இருக்கின்றன, அங்கே போய்விடுங்கள். எங்கள் வார்டில் ஆனந்தக் கண்ணீர் வருவதே ஒரு பிளாஸ்டிக் பையில் மஞ்சளாக ஏதோ சேர்வதைப் பார்த்துத்தான். வருடக்கணக்கில் ஒரு சொட்டுப் போகாத ஒரு மனுஷி, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய மறுநாள் அந்தப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "டாக்டர், பாருங்க லா, எவ்ளோ அழகா இருக்கு" என்று சொல்லும்போது உங்களுக்கும் கண் கலங்கினால் இங்கேயே இருங்கள். கலங்காவிட்டால் பல்லுக்குப் போகலாம். நல்ல துறை, சனி ஞாயிறு லீவு.

நான் இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஜன்னலுக்குக் கீழே மோனோரயில் போகும், வரும். காலையில் எழுந்ததும் கை தானாக ஸ்டெதஸ்கோப்பைத் தேடுகிறது. "இங்க வார்டு ரவுண்டெல்லாம் கெடையாது, போய் தோசையத் திருப்பு" என்கிறார் வீட்டுக்காரர். நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே வாசனைக்குள் வேலை செய்துவிட்டு, அது இல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஏங்குகிறேன், வேறென்ன சொல்ல. அந்த வார்டுக்கு ஏங்குகிறேன், அங்கே என்னைத் திட்டியவர்களுக்கும் ஏங்குகிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். மருந்தளவும் முறைகளும் உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன, என் காலத்தைவிட இப்போது நன்றாகவே இருக்கின்றன. எனவே நான் சரளாவைப் பற்றிச் சொல்கிறேன்.

சரளா கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கணவர் மணியம் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். இரண்டு பேருக்கும் யார் நன்றாக ரிவர்ஸ் எடுப்பார்கள் என்பதில் ஓயாத சண்டை. மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறந்த சில வருடங்களில் சரளாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. கடை வரிசை ஒன்றின் மாடியில் இருந்த டயாலிசிஸ் சென்டரில் வாரத்தில் மூன்று நாள் படுத்துக் கிடப்பார். மற்ற நாட்களில் தாகம்.

அந்தத் தாகத்தை நீங்கள் புத்தகத்தில் படித்திருக்க மாட்டீர்கள். சிறுநீர் போகாத உடம்புக்குள் போன தண்ணீர் எல்லாம் நுரையீரலில் போய் நிற்கும். அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில், ஏசி சரியாக வேலை செய்யாத வேனில், ஓர் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு இருபது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் அவர் ஓட்டுவார். முதல் தடவை என் அறைக்கு வந்தபோது, என்ன வேண்டும் என்று பொதுவாகத்தான் கேட்டேன். நோயாளிகள் வழக்கமாக "நல்லாயிட்டா போதும்" என்பார்கள். சரளா யோசிக்கவே இல்லை.

"ஒரு முழு எளநீ, டாக்டர். ஸ்ட்ரா வேணாம். அப்படியே தூக்கி, நிப்பாட்டாம குடிக்கணும்."

இளநீரில் இருக்கும் பொட்டாசியம் டயாலிசிஸ் நோயாளியின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. மணியம் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். சரளாவுக்கு நோய் வந்த நாளிலிருந்து அவரும் இளநீரைத் தொடுவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக அவர்தான் முன்வந்தார். ஒரு பெரிய சிக்கல் இருந்தது. மனுஷருக்கு ஊசி என்றால் பயம். நாற்பதடி கண்டெய்னரை ஒரு சந்துக்குள் பின்னால் விடுகிற ஆள், இரத்தம் எடுக்கிற அறையில் நர்ஸ் டியூபைக் கையில் எடுத்ததும் வெளிறிப்போய் நாற்காலியோடு சரியப் பார்த்தார். சரளா எழுந்து போய்த் தன் உள்ளங்கையால் அவர் கண்ணை மூடினார்.

"பயப்படாதீங்க லா. சின்ன ஊசிதான்."

டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள், பென்சில் முனை கனத்தில் இரண்டு ஊசி வாங்குகிற கை அது. அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். மணியமும் மூடிய கண்ணோடு சிரித்தார்.

அந்த இரத்தத்தின் முடிவு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. சரளாவின் இரத்தம் மணியத்தின் திசுவுக்கு எதிராக ஏற்கனவே ஆயுதம் தயாராக வைத்திருந்தது. இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினேன். பிள்ளையில் பாதி அப்பா. அந்தப் பாதியை வயிற்றில் சுமந்தபோது அம்மாவின் உடம்பு அதை வேற்றாள் என்று கண்டு குறித்து வைத்துக்கொள்ளும். பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே அடையாளத்தோடு ஒரு சிறுநீரகம் உள்ளே வந்தால், உடம்பு பழைய பகையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். மூன்று பிள்ளை என்றால் மூன்று தடவை குறித்தது. இப்படி முன்கூட்டியே உஷாரான உடம்புகளைத்தான் நாம் 'சென்சிடைஸ்டு' என்கிறோம்.

மணியம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "வாய் மட்டுந்தான் என்கூட சண்ட போடுதுன்னு நெனச்சேன். ரத்தமுமா?"

"இத்தன வருசம் உங்ககூட குடும்பம் நடத்துன ஒடம்புங்க, பழகிப்போச்சு" என்றார் சரளா. சொல்லும்போது சிரித்தார், வெளியே போய் நடைபாதையில் அழுதார். பிள்ளை பெற்றதே குற்றமாகிவிட்டதா என்று என்னைக் கேட்டார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன்மார் இருவருக்கும் சர்க்கரை, பிள்ளைகள் சிறுசுகள், கொடுக்க வேறு ஆள் இல்லை. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் வரிசை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். எனவே பல வாரம் இரத்தத்தைச் சலித்து, அந்தப் பகையை முடிந்தவரை வடித்தெடுத்துவிட்டு, மணியத்தின் இடது சிறுநீரகத்தைச் சரளாவின் வலது அடிவயிற்றில் வைத்தோம். மேசையிலேயே அது சிவந்து, சிறுநீர் பீய்ச்சியது. அறுவை டாக்டரின் கண்ணாடியிலேயே தெறித்தது என்று சொன்னார்கள். முதல் பத்தியில் பையைத் தூக்கிக் காட்டிய மனுஷி இவர்தான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒருவரை அறிமுகம் செய்ய வேண்டும். எங்கள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், பிணவறைக்குப் போகும் நடைபாதையில், திசு பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். சீன மாது, என்னைவிடப் பல வருடம் மூத்தவர். மைக்ரோஸ்கோப் பக்கத்தில் உட்கார்ந்தே மீ கோரெங் சாப்பிடுவார். நோயாளியின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. அதனால்தானோ என்னவோ, முகம் பார்த்து ஏமாறுகிற பழக்கமும் அவருக்கு இல்லை. நான் கற்றதில் பாதி அவர் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது.

சென்சிடைஸ்டு நோயாளி என்றால், எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் சிறுநீரகத்தில் ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் டெங்கில் என்ற ஊர்ப் பக்கத்து இளைஞன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் சிறுநீர் அருவியாகக் கொட்டியது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் சரசரவென்று இறங்கியது. அந்தக் காலத்தில் அளவு ஏறினால்தான் இந்தத் துணுக்கு எடுக்கும் பயாப்சி என்பது எல்லா இடத்திலும் வழக்கம். அவனுக்கு அளவு ஏறியபோது எடுத்துப் பார்த்தோம், உள்ளே காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. கிரியாட்டினின் என்பது வீடு எரிந்து முடிந்த பிறகு வந்து கதவைத் தட்டும் ஆள். அது நல்லபடியாக இருக்கிறது என்றால் இதுவரை கதவு தட்டப்படவில்லை என்றுதான் பொருள்.

அறுவை முடிந்து சில நாள் ஆகியிருந்தது, சரளாவை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. கிள்ளானில் கோயில் பூஜைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் குடும்பம் ஏற்பாடு செய்துவிட்டது. நான் பயாப்சி பற்றிச் சொல்லப் போனேன். யாரிடம் போனேன்? அதுதான் இங்கே விஷயம். நேராக மணியத்திடம் போனேன்.

இது நம் ஆட்களின் பழக்கம், உங்கள் வார்டிலும் கவனியுங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் முதலில் கொடுத்தவர் கட்டிலுக்குத்தான் போவார்கள். கோழி எசென்ஸ், விரால் மீன் சூப் எல்லாம் அவருக்கே. "பெரிய மனசுயா ஒனக்கு" என்று தோளைத் தட்டுவார்கள். பிறகுதான் வாங்கிக்கொண்டவர் பக்கம் திரும்புவார்கள், "நல்லா பாத்துக்கம்மா, அவரு கொடுத்தது" என்பார்கள். வாங்கிக்கொண்டவர் தலையாட்டுவார். நர்ஸ்களுக்கும் இது தொற்றிக்கொள்ளும், டாக்டர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். கையெழுத்துப் போட வேண்டியவர் சரளாதான். ஆனால் வார்டில் யாருமே அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. மரியாதை என்று நினைத்துத்தான் எல்லோரும் அப்படிச் செய்தோம்.

மணியம் தையல் போட்ட விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், ஒண்ணுக்குப் போவுதா?"

"போகுது அண்ணே."

"ரத்தத்துல நம்பர் எறங்கிருச்சா?"

"நல்லா இறங்கியிருக்கு."

"அப்புறம் என்ன லா? நல்லா ஓடுற லோரிய ரோட்டோரமா நிப்பாட்டி யாராச்சும் எஞ்சினப் பிரிப்பாங்களா?"

ஊசியால் இரத்தம் கசியலாம், அரிதாகச் சிறுநீரகத்துக்கே கெடுதல் வரலாம் என்பதை நான் மறைக்கவில்லை. அது அவருக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. "பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க. நான் கொடுத்தது டாக்டர். என் பொருள்ல கை வைக்கிறதுன்னா நான் சம்மதிக்கணும்ல? நான் சம்மதிக்கல." சரளாவின் அண்ணன்மார் இருவரும் "மாப்ள சொல்றது நியாயந்தானே" என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் சரளா போர்வை நுனியைத் திருகிக்கொண்டு கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்த்தளத்துக்குப் போய், குடும்பம் ஒத்துக்கொள்ளவில்லை, எண்களும் பிரமாதமாக இருக்கின்றன, அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். அந்த மாது மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அனுப்பு. தாராளமா அனுப்பு. ஒருநாள் அந்தக் கிட்னி முழுசா ஒரு தட்டுல எங்கிட்ட வரும். அப்ப பார்த்துக்கறேன்."

கெட்டுப்போய் வெட்டி எடுத்த சிறுநீரகம் கடைசியில் வந்து சேருமிடம் அவர் மேசைதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவளுக்கு வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறினேன். ஏறி முடிப்பதற்குள் அவர் சொன்னது சரி என்பது தெரிந்துவிட்டது. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

இனி என்ன செய்வது? மணியத்தைப் பயமுறுத்தலாம். "கையெழுத்துப் போடாவிட்டால் உங்கள் மனைவி மறுபடி டயாலிசிஸ்தான்" என்று ஓங்கிச் சொன்னால் போதும், விழுந்துவிடுவார். நாம் எல்லோரும் அவசரத்தில் கையில் எடுக்கிற ஆயுதம் அது. ஆனால் பயந்து சம்மதித்தவர்கள் அடுத்த தடவை வரமாட்டார்கள், மாத்திரையில் ஏதாவது கோளாறு என்றால்கூட நம்மிடம் சொல்லமாட்டார்கள். இந்த உறவு வருடக்கணக்கில் ஓட வேண்டியது. என்ன சொல்வது என்று தெரியாமலே வார்டுக்குள் நுழைந்து, "அண்ணே, கொஞ்சம் வெளியில வர்றீங்களா, பேசணும்" என்றேன்.

"டாக்டர்."

கூப்பிட்டது சரளா.

"நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்க, நர்ஸு, எங்கண்ணனுங்க, எல்லாரும் அவர்கிட்டயே போயிப் போயிக் கேக்குறீங்க. அது இப்ப யார் வயித்துல இருக்கு?"

சரளா கணவரைப் பார்த்தார். "நீங்க கொடுத்தீங்க. சாகுற வரைக்கும் நான் மறக்க மாட்டேன். ஆனா கொடுத்தா கொடுத்ததுதாங்க. இனிமே அது என்னோடது. கெட்டா எனக்குத்தான் கெடும், மறுபடி அந்த மாடி ஏறப்போறது நான்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உள்ள சண்ட நடக்குதா இல்லயான்னு எனக்குத் தெரியணும். குத்துங்க டாக்டர்."

மணியத்தின் முகம் சுருங்கிப்போனது. அன்று முழுவதும் அவர் சரளாவோடு பேசவில்லை. ஆனால் பயாப்சி அறைக்கு வெளியே, விலாவைப் பிடித்துக்கொண்டு, வருகிற போகிற நர்ஸை எல்லாம் நிறுத்தி "முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

கீழ்த்தளத்திலிருந்து போன் வந்தது. "வந்து பார்" என்றார், அவ்வளவுதான். போய்ப் பார்த்தேன். சிறுநீரகத்தின் மிகச் சிறிய இரத்தக் குழாய்களில் சண்டை ஆரம்பித்துவிட்டிருந்தது. கிரியாட்டினின் அன்று காலையிலும் அழகாகத்தான் இருந்தது. அந்த மாது தன் மீ கோரெங் பாத்திரத்தை என் பக்கம் தள்ளி, "சாப்பிடு. உன் நோயாளி அதிர்ஷ்டக்காரி" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான்.

கோயில் பூஜை தள்ளிப்போனது. மறுபடி இரத்தம் சலித்தல், மருந்து, ஊசி. சரளா வாய்விட்டு அழுதார், என்னையும் திட்டினார். சண்டை அடங்கியது. எண் ஏறவே இல்லை. நம் வேலையின் கஷ்டமும் இதுதான், தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் தடுத்தது யார் கண்ணுக்கும் தெரியாது. மணியம் கடைசிவரை நம்பவே இல்லை. ஒவ்வொரு தடவை கிளினிக்குக்கு வரும்போதும், "டாக்டர் அன்னிக்குச் சும்மாதானே குத்திப் பாத்தீங்க?" என்று சீண்டுவார். நானும், "ஆமா அண்ணே, எனக்கு வேற வேலை இல்ல" என்பேன்.

எல்லோருக்கும் இப்படி அமைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சீக்கிரம் பார்த்தும், மருந்து கொடுத்தும், கைவிட்டுப் போனவர்கள் உண்டு. சண்டையே இல்லாமல் ஊசி மட்டும் வாங்கி, இரத்தம் கசிந்து அவதிப்பட்டவர்களும் உண்டு. பயாப்சி சிறுநீரகத்தைக் காப்பாற்றாது, உங்களுக்கு நேரத்தை வாங்கித் தரும். அந்த நேரத்தை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் சாமர்த்தியம்.

சரளாவுக்கு அது வருடங்களை வாங்கித் தந்தது. அவர் வேனில் போன பிள்ளைகள் பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளையும் அதே வேனில் ஏற்றினார்கள். இளநீருக்கு நான் அனுமதி கொடுத்த வாரம் மணியம் இரண்டு இளநீரோடு வார்டு வாசலிலேயே வந்து நின்றார். ஒன்று மனைவிக்கு, ஒன்று தனக்கு. ஸ்ட்ரா இல்லை. சரளா நிறுத்தாமல் குடித்தார், கழுத்தெல்லாம் வழிந்தது, துடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவருக்கும் இளநீர்தான். எப்போதாவது எனக்கும் ஒன்று வரும். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் இளநீர் வண்டியைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

மணியம் ஒரு காலைப் பொழுதில், லோரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, வாசலில் சாய்ந்து இறந்துபோனார். மாரடைப்பு. சிறுநீரகம் கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதை நானே தேடித் துருவிப் பார்த்துவிட்டேன். என் மனசு கேட்கவில்லை, அதனால் பார்த்தேன்.

காரியம் எல்லாம் முடிந்து சரளா கிளினிக்குக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து வலது கை அடிவயிற்றின் மேலேயே இருந்தது. அந்தத் துக்கத்தில் மாத்திரை சில நாள் தவறிப்போயிருந்தது. கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தப் பழைய பகையும் இரத்தத்தில் மறுபடி தலைகாட்டியிருந்தது. பயாப்சி செய்து பார்க்க வேண்டும் என்றேன். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"வேணாம் டாக்டர்."

"சரளா, அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க, அது என்னோடதுன்னு?"

"அப்ப அவரு இருந்தாரு டாக்டர். கட்டில்ல பக்கத்துலயே இருந்தாரு. அதனால என்னோடதுன்னு சொல்ல முடிஞ்சுது." அவர் கை அசையவில்லை. "இப்ப எல்லாத்தையும் எரிச்சிட்டோம். அவர்ல இது ஒண்ணுதான் இன்னும் உயிரோட இருக்கு. அதப் போயிக் குத்தணும்ங்கிறீங்களே."

நான் அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. அவரை அனுப்பிவிட்டுப் பழக்கதோஷத்தில் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனேன். அந்த மாது ஓய்வு பெற்று மகளோடு வெளிநாடு போய்விட்டிருந்தார். அவர் இடத்தில் உங்களைப்போல ஒரு பிள்ளை, பெரிய திரையில் திசுவைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து நின்று, "என்ன வேணும் டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்டது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு திட்டு. "தட்டுல வரும், அப்ப பார்த்துக்கறேன்" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று அந்த நடைபாதையில் நின்று ஏங்கினேன்.

காத்திருந்தால் சிறுநீரகம் போகும். அழுத்தினால் சரளா போவார், திரும்பி வரமாட்டார். அதற்காக அவர் சொன்னதைத் தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் போன் செய்தேன். "ஊசி இல்லை. வாங்க, ஸ்கேன்ல சும்மா பாக்கலாம். நீங்க அதப் பாத்ததே இல்லையே" என்றேன். உண்மைதான். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஸ்கேன் எடுத்திருக்கிறோம், திரை எப்போதும் எங்கள் பக்கமே இருந்திருக்கிறது. ஒரு தடவையாவது அவர் பக்கம் திருப்ப வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அன்று திருப்பினேன். சாம்பல் நிறத்தில் அவரைக்கொட்டை மாதிரி அது தெரிந்தது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன், சிவப்பும் நீலமும் மினுக்கின. சத்தத்தையும் கூட்டி வைத்தேன். சரளா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் துடிப்பைக் கேட்டார்.

"கஷ்டப்படுதா டாக்டர்?"

"படுது. ஆனா எங்க, எதனாலன்னு வெளியில இருந்து எனக்குத் தெரியல. தெரிஞ்சா ஏதாச்சும் செய்யலாம்."

"அவரும் இப்படித்தான் டாக்டர். நெஞ்சு வலிய வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு." ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு வரேன். செய்யுங்க. ஆனா டிவிய என் பக்கமே வச்சிருங்க."

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் கவனம் அதிலேயே இருக்கும். பழைய தழும்பு நிறைய, புதுச் சண்டை கொஞ்சம். மருந்தை மாற்றினோம், மாத்திரைகளை ஒழுங்கு செய்தோம். பழைய பலம் திரும்பவில்லை, ஆனால் இருந்த பலம் நின்றது. நான் ஓய்வு பெற்ற நாளிலும் அது வேலை செய்துகொண்டிருந்தது. இன்றைக்கும் செய்கிறது, சரளா போன் செய்து சொன்னார். வேன்தான் பழசாகிவிட்டதாம். எப்போதாவது பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தால் இருவரும் ஆளுக்கோர் இளநீர் குடிக்கிறோம்.

பிள்ளைகளே, சென்சிடைஸ்டு நோயாளி என்றால் எண் அழகாக இருக்கும்போதே உள்ளே எட்டிப் பாருங்கள். கேட்க வேண்டியதைப் படுத்திருப்பவரிடமே கேளுங்கள். திரையை அவர் பக்கம் திருப்புங்கள். நான் சொல்லித்தர இவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த வார்டு நினைவுக்கு வரும்போது இவை எதுவும் வருவதில்லை. அந்த இரண்டாவது பயாப்சி நாள்தான் வருகிறது.

மரத்துப்போக மருந்து போட்டாயிற்று. திரை சரளாவுக்குக் கையெட்டும் தூரத்தில், அவர் பக்கம் சாய்ந்திருந்தது. நான் அவர் தோளுக்கு மேலாக எக்கிப் பார்த்துக்கொண்டு ஊசியைக் கையில் எடுத்தேன். "இப்ப டக்குன்னு ஒரு சத்தம் வரும், சரளா. மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். சரளா என்னைக் கவனிக்கவில்லை. திரையில் அது துடித்துக்கொண்டிருந்ததையே பார்த்தார். பிறகு கையை நீட்டி, அந்தப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"பயப்படாதீங்க லா" என்றார். "சின்ன ஊசிதான்."

படம் மறைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை எடுக்கச் சொல்லாமல், ஊசியோடு அப்படியே நின்றேன்.